வேலிக்கு வெளியே ஓடும் மோட்டார்

லாஸ் வேகஸ் என்ற ஸ்பானியப் பெயருக்குப் புல்வெளிகள் என்று பொருள். ஊர் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பல்லடத்திலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவும் சிரித்தார். மறுநாள் அவரை நகர மையத்துக்கு மேற்கே மூன்று மைலில் உள்ள ஸ்பிரிங்ஸ் பிரிசர்வுக்கு அழைத்துப்போனேன். பாலைவனத்தின் நடுவே ஊற்றுகள் பொங்கி ஓடிய இடம் அது. 1905இல் ரயில் கம்பெனி மனைகளை ஏலம் விட்டபோது அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊர் பிறந்தது. ஊர் வளர வளர ஆழ்துளைக் கிணறுகளும், அதாவது போர்களும், பெருகின. 1962இல் ஊற்று தரைக்கு வருவது நின்றது. 2007இல் 180 ஏக்கர் இயற்கைப் பூங்காவாக அந்த இடத்தைத் திறந்தார்கள்.

"ஊற்று எங்கேப்பா?" என்றார் சித்தப்பா.

"இருந்த இடம்தான் இது, சித்தப்பா."

நிலத்தடி நீர்மட்டம் அளப்பது என் தொழில். சுண்ணக்கட்டி தேய்த்த எஃகு நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். இந்த வேலைக்கு வந்த பிறகு, ஊற்றைச் சுற்றிப் போடும் வேலிகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. ஊற்றை வற்றச் செய்கிறவர் பெரும்பாலும் அதை நேரில் பார்த்தே இருக்க மாட்டார்.

இதற்கு டெவில்ஸ் ஹோலைவிடத் தெளிவான சாட்சி இல்லை. வேகஸிலிருந்து ஏறத்தாழ 90 மைல் தள்ளி, பாறைப் பிளவுக்குள் இருக்கும் வெந்நீர்க் குளம் அது. வெப்பம் 33 டிகிரி செல்சியஸுக்கு மேல். அடி எங்கே என்று இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் அங்கே மட்டும் வாழும் விரல்நுனி அளவுப் பப்ஃபிஷ் மீன்களுக்கு அந்த ஆழம் பெரிதாகப் பயன்படுவதில்லை. ஓரத்தில் ஓர் அறையளவுகூடத் தேறாத பாறைத் திட்டின்மேல் நிற்கும் ஆழமற்ற தண்ணீரில்தான் பாசி வளர்கிறது, அங்கேதான் அவை முட்டையிடுகின்றன. 1952இலேயே அந்த இடம் மத்திய அரசின் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது. இருந்தும், 1960களின் கடைசியில் இரண்டரை மைலுக்கு அப்பால் ஒரு பண்ணையின் மோட்டார்கள் ஓடத் தொடங்கியதும் குளத்தில் நீர் இறங்கித் திட்டு வெளியே தெரிந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1976இல் நீதிபதிகள் ஒருமனதாக மீன்களின் பக்கம் நின்றார்கள். பாறையில் பதித்த ஒரு செப்பு வளையத்துக்குக் கீழே 2.7 அடியைத் தாண்டி நீர் இறங்கக்கூடாது என்று பின்னர் எல்லை வகுக்கப்பட்டது. அந்தச் செப்பு வளையம்தான் நான் பார்த்தவற்றிலேயே உருப்படியான வேலி.

போர் போட்டு மோட்டாரை ஓட்டினால், முதலில் அதைச் சுற்றித்தான் நீர்மட்டம் இறங்கும், தரைக்கடியில் ஒரு புனல்போல. அதன் விளிம்பு ஆண்டுக்கணக்கில் மெல்ல அகலும். அது வந்து தொடும் நாள்வரை ஊற்றில் ஒரு மாற்றமும் தெரியாது. தெரிந்த அன்றே மோட்டாரை நிறுத்தினாலும் விளிம்பு இன்னும் கொஞ்ச காலம் அகன்றுகொண்டுதான் இருக்கும். "ஊற்று குறையவே இல்லையே" என்று பண்ணைக்காரர்கள் சொன்னால் நான் இப்போது தலையாட்டுவதில்லை. ஒரு காலத்தில் ஆட்டினேன். ஓராண்டு அளவீட்டை வைத்துப் 'பாதிப்பில்லை' என்று எழுதிக்கொடுத்த அறிக்கையின் நகல் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. நான்காம் ஆண்டு அளவீட்டு வரைபடத்தின் கோடு சரிந்துவிட்டது.

களிமண் அடுக்குகளின் கதை இன்னும் மோசம். நீரை இழந்து ஒருமுறை நசுங்கிவிட்டால் அவை பழையபடி விரிவதில்லை. வேகஸ் பள்ளத்தாக்கில் சில இடங்களில் தரையே 5 அடிக்கு மேல் இறங்கியிருக்கிறது.

டெவில்ஸ் ஹோலைச் சுற்றியுள்ள ஆஷ் மெடோஸ், 1984இல் தேசிய வனவிலங்குப் புகலிடமானது. வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் இருபதுக்கு மேல் அங்கே வாழ்கின்றன. அதற்குச் சற்று முன்புவரை அங்கே ஒரு பெரிய வீட்டு மனைத் திட்டம் இருந்தது. ஊற்றுகளில் வருவது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மலைகளில் பெய்து பாறைக்குள் இறங்கிய நீர். போகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வளர்க்க முடியாத தொட்டி மீனை அங்கே விட்டுவிடாதீர்கள். யாரோ கொண்டுவந்து விட்ட மீன்களும் நண்டினங்களும் இந்தச் சின்னக் குளங்களின் சொந்த மீன்களைத் தின்று தீர்த்த கதைகள் இங்கே நிறைய. சொந்தப் போர் உள்ளவர்கள் ஆண்டுக்கு இருமுறை, மோட்டாரை நிறுத்தி நீர் நிலைத்த பிறகு, மட்டத்தை அளந்து தேதியோடு குறித்துவையுங்கள். எத்தனை அளவீடு கையில் இருந்தாலும் எங்களுக்குப் போதாது.

டெவில்ஸ் ஹோல் மீன்கள் 2013இல் 35ஆகக் குறைந்திருந்தன. 2024 வசந்தத்தில் 191ஆக ஏறின. பிறகு நிலநடுக்க அதிர்வில் தண்ணீர் அலைந்து திட்டின் பாசியை அடித்துப்போக, 2025இல் மீண்டும் 38.

கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று வெகுநேரம் எட்டிப் பார்த்தார் சித்தப்பா. மீன் ஒன்றும் தெரியவில்லை.

"ரெண்டரை மைல் தள்ளி ஓடின மோட்டாரை, இதுக்காகவா நிறுத்தினார்கள்?"

"நம் தோட்டத்துக் கிணற்றில் கடைசியாக எப்போது தண்ணீர் பார்த்தீர்கள், சித்தப்பா?"

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஆண்டுகளை என்று நினைத்தேன். "அதற்கப்புறம் போர் மட்டும் ஆறு போட்டாச்சு" என்றார்.