பேசாப் படச்சுருளுக்குள் தாளம் எப்படி வருகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், சூப்பர் 8 என்னும் வீட்டுப் பயன்பாட்டுக்கான சிறு ஃபிலிம் கேமராவில் எடுத்த திருமணச் சுருள்களும் தைப்பூசக் காவடிச் சுருள்களும் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒலியற்றவை. அப்படிப்பட்ட சுருளொன்றை, வேறெங்கோ பதிவான தவில் வாசிப்போடு சேர்த்து ஓட்டினால், காவடி எடுப்பவரின் கால் அந்தத் தாளத்துக்கே விழுவதாகத் தோன்றும்.

பிறர் எடுத்த படத்துண்டுகளை இசையோடு இணைத்து, இந்த மயக்கத்தையே கலையாக்கியவர் அமெரிக்கரான புரூஸ் கானர். 1958இல் அவர் தொகுத்த, 12 நிமிடம் ஓடும் 'எ மூவி'யில், நீர்மூழ்கிக் கப்பல் மாலுமி பெரிஸ்கோப்பில் பார்க்கிறார், ஒரு பெண் தெரிகிறாள், டார்ப்பிடோ பாய்கிறது, அணுகுண்டின் புகைக்காளான் எழுகிறது. தொடர்பே இல்லாத அந்தத் துண்டுகளுக்கிடையே காரண காரியத்தை உண்டாக்குவது நம் மூளைதான். பின்னணியில் ஓடும், இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகியின் இசை அவற்றை மேலும் இறுக்கிக் கட்டுகிறது.

ஒலிக்கு இந்த வலிமை உண்டு என்பதை 1997இல் வெளியான ஓர் ஆய்வு மிக எளிமையாகக் காட்டியது. திரையில் இரு வட்டுகள் எதிரெதிரே நகர்ந்து, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பின் விலகுகின்றன. ஒலி இல்லாதபோது, அவை ஒன்றையொன்று ஊடுருவிச் செல்வதாகவே பெரும்பாலும் தோன்றும். சந்திக்கும் கணத்தில் சிறு 'டிக்' ஒலி சேர்ந்தால், மோதித் திரும்புவதாகப் பார்ப்பது வெகுவாகக் கூடுகிறது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்பதுதான் இதில் என்னை வியக்கவைப்பது.

இனி, கையில் உள்ள சுருளுக்கு வருவோம். சூப்பர் 8 வழக்கமாக விநாடிக்கு 18 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். ஆகவே நிமிடத்துக்கு 90 தாள அடி விழும் இசையில், ஓர் அடிக்குச் சரியாக 12 சட்டகம், அதாவது ஏறத்தாழ 5 செ.மீ. படச்சுருள். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு ஒவ்வொன்றும் தாள அடியில் விழ வேண்டியதில்லை; எல்லாமே விழுந்தால் கண் சலித்துவிடும். சில இடங்களில் அழுத்தமாகப் பொருந்தினால் போதும், மற்ற இடங்களிலும் மூளை தானே பொருத்தத்தைத் தேடிக்கொள்ளும். பிழைக்கும் சற்று இடமுண்டு, ஆனால் இரு பக்கமும் சமமாக அல்ல. தொலைக்காட்சிக்கான ஆய்வுகளின்படி, படத்தைவிட ஒலி சுமார் 45 மில்லிவிநாடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. இடியோசை மின்னலுக்குப் பின்னரே வரும் உலகில் பழகிய மூளைக்கு இது இயல்பே. சூப்பர் 8இன் ஒரு சட்டகம் 56 மில்லிவிநாடி என்பதால், வெட்டு தாளத்துக்கு இரண்டு சட்டகம் முன்னதாக விழலாம். ஒரு சட்டகம் தாமதித்தாலும் உறுத்தும்.

டிஜிட்டலாக மாற்றும்போது ஓட்டவேகத்தைக் கவனிக்க வேண்டும். அதே சட்டகங்களை விநாடிக்கு 25 என ஓட்டினால் நடை ஓட்டமாகிவிடும். 12 சட்டகமும் 0.48 விநாடியில் கடந்து, 90இன் தாளம் 125 ஆகும். வெட்டுவதெல்லாம் டிஜிட்டல் பிரதியில் மட்டுமே நடக்க வேண்டும். அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன சுருள் டர்பனின் ஈரப்பதத்தில் எளிதில் சிதையும். பெட்டியைத் திறந்ததும் புளிக்காடி வாசம் வந்தால், சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்துவைத்து, முதலில் அதையே பிரதி எடுக்க வேண்டும்.