1818 அனுமன் காசு வைத்திருப்பவர்களுக்கு

பழங்காசுக்கு மதிப்புச் சொல்வது என் தொழில். மஞ்சள் துணியில் முடிந்த காசைப் பையின் அடியிலிருந்து யாராவது எடுத்தாலே எனக்கு மனசு கனத்துவிடும். அனேகமாக அதே காசுதான். ஒரு பக்கம் அனுமன். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’, ‘யூ.கே.எல்.’, ‘ஒன் அணா’, 1818.

போன மாதம் வந்தவர் ஓய்வுபெற்றவர். அரிசியை இழுக்கும் காசு, கோடிக்குப் போகும் என்று புரோக்கர் சொன்னதை நம்பி, ‘டெஸ்டிங் செலவு’ என்று சேமிப்பிலிருந்து பணம் கட்டியிருந்தார். “வருஷம் சரிதானே சார்? அப்போது இங்கிலீஷ் ராஜாதானே?” என்று கேட்டார்.

வருஷம் சரிதான். 1760 முதல் 1820 வரை பிரிட்டனில் மூன்றாம் ஜார்ஜ் ராஜா. அவர் காலத்தில் உண்மையிலேயே விசித்திரமான காசுகள் உண்டு என்பதால்தான் பொய்யும் எளிதில் எடுபடுகிறது.

1797-இல் பிரான்ஸுடன் போர். லண்டனில் வெள்ளிக்காசுக்குப் பெரும் தட்டுப்பாடு. பேங்க் ஆஃப் இங்கிலாந்து தன்னிடம் இருந்த ஸ்பெயின் டாலர்களை எடுத்து, ஸ்பெயின் ராஜாவின் கழுத்தில் ஜார்ஜின் தலையைக் கடுகளவு முத்திரையாகக் குத்தி, 4 ஷில்லிங் 9 பென்ஸுக்கு வெளியே விட்டது. லென்ஸில் பார்த்தால் ஒரு ராஜாவின் கழுத்தில் இன்னொரு ராஜா உட்கார்ந்திருப்பார். அந்த முத்திரையையும் கள்ளக்காசுக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. அதே ஆண்டிலேயே அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அதே ஆண்டு பர்மிங்ஹாம் அருகே சோஹோவில் மேத்யூ போல்டன் நீராவி இயந்திரத்தால் அடித்த செம்பு பென்னி சரியாக ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல். வண்டிச்சக்கரம் மாதிரி தடித்த விளிம்பு, அதில் உள்ளே பதிந்த எழுத்து. இரண்டு பென்ஸ் காசு இதற்கு இரட்டிப்பு எடை. உள்ளங்கையில் வைத்தால் எடைக்கல்தான்.

அதே சோஹோவில்தான் நம் சென்னை மாகாணத்துக்கான பத்துக் காசு, இருபது காசும் அடித்தார்கள். 1808 என்று பொறித்த அந்தக் காசுகளை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை ஒட்டிய குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் லட்சக்கணக்கில் மீட்டார்கள். எண்ணிக்கை அதிகம் என்பதால் இன்றும் அவை மலிவுதான். பழசு என்றாலே விலை என்பதில்லை.

கம்பெனி சாமி படமே போட்டதில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. சென்னைப் பகோடா என்ற தங்கக்காசில் விஷ்ணு இருக்கிறார். ஆனால் ‘யூ.கே.எல்.’ என்ற எழுத்து கம்பெனியின் எந்தக் காசிலும் கிடையாது. அனுமன் போட்ட 1818 அணாவை அவர்கள் அடிக்கவே இல்லை.

சரி, அரிசி எப்படி ஒட்டுகிறது? அரிசியில் இரும்புத்தூளைக் கலந்துவிட்டுக் காந்தத்தை மறைத்து வைப்பார்கள். செம்பு காந்தத்தில் ஒட்டாது, அரிசியையும் இழுக்காது. நீங்கள் வாங்கிய அரிசி, உங்கள் வீட்டுத் தட்டு என்று சொல்லிப் பாருங்கள், ‘இன்றைக்கு நேரம் சரியில்லை’ என்பார்கள்.

இன்னொன்று, உண்மையான பழங்காசு வீட்டில் இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். இருநூறு வருஷத்துப் பழுப்பு போனால் மதிப்பும் பெருமளவு போய்விடும்.

அந்த ஓய்வுபெற்றவர் கோபத்தில் தன் காசைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார். தடுத்தேன். போலீஸில் புகார் கொடுக்க அந்தக் காசும், புரோக்கரின் வாட்ஸ்அப் செய்திகளும், பணம் அனுப்பிய ரசீதும் வேண்டும். ஆன்லைனில் அனுப்பியிருந்ததால் என் மேஜையிலிருந்தே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டோம்.