தலைவலி என்று சொல்லத் தெரியாத பயணி

போன புரட்டாசிக்கு முன்னால் ஒரு தம்பதி கிளினிக்குக்கு வந்தார்கள். "டாக்டர், நேபாளத்துல இருக்கிற முக்திநாத் பெருமாள் கோயிலுக்குப் போறோம். டூர் கம்பெனியெல்லாம் கிடையாது, நாங்களே போறோம்." மடியில் 22 மாதக் குழந்தை. பயணத் திட்டத்தைத் தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார்கள்.

கைக்குழந்தையோடு ஊர் சுற்றாதீர்கள் என்று நான் சொல்வதில்லை. அந்தத் தாளில் எனக்கு உறுத்தியது ஒரே ஒரு வரி: காலையில் பொக்கராவில் ஜீப், இரவு முக்திநாத்தில் தங்கல். பொக்கரா நகரம் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டர் சொச்சம். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல். நடுவில் ஒரு ராத்திரிகூட இல்லை.

2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய், அதாவது ஆக்சிஜன் குறைவால் வரும் தொந்தரவு, யாருக்கும் வரலாம். பெரியவர்கள் தலை வலிக்கிறது என்பார்கள். இந்த வயதுக் குழந்தை சிணுங்கும், சோற்றைத் தள்ளிவிடும், வாந்தி எடுக்கும், தூங்காது. பல் முளைக்கிறது, ஜீப் குலுக்கல், கண்பட்டுவிட்டது என்று நாம் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். மலைமேல் அப்படிச் சொல்லக் கூடாது. வேறு காரணம் உறுதியாகும்வரை உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஏறாமல் நில்லுங்கள். தொந்தரவு கூடினால் இறங்குங்கள். மூச்சு வாங்கினாலோ துவண்டு போனாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தூங்கட்டுமே என்று சளி சிரப் ஊற்றுகிறவர்கள் உண்டு. அது அறிகுறிகளை மூடி மறைத்துவிடும். கிளம்பும் வாரத்தில் சளி, காய்ச்சல் இருந்தால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து அப்போது அதிகம். இதயத்தில் ஓட்டை, குறைப்பிரசவம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

திட்டத்தை மாற்றினோம். வழியில் இருக்கும் தாதோபானியில் ஓர் இரவு, 2,700 மீட்டரை ஒட்டிய மார்பாவில் இரண்டு இரவு. முக்திநாத்துக்குப் பகலில் போய்விட்டு, தூங்க மார்பாவுக்கே திரும்பிவிட வேண்டும். எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம்.

அப்புறம், அப்பா முதுகில் மாட்டும் கேரியர். நடக்கிற அப்பாவுக்கு வேர்க்கும். உள்ளே அசையாமல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை விறைத்துக் கொண்டிருக்கும். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் வீசும் காற்று சாமானியமானதல்ல. அரை மணிக்கொரு தரம் இறக்கி, காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். கோயிலில் பக்தர்கள் குளிக்கும் 108 நீர்த்தாரைகளிலும் ஐஸ் போன்ற தண்ணீர்தான் கொட்டும். குழந்தையை அதில் நிறுத்தவே வேண்டாம்.

தெருநாய் லேசாகப் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

மார்பாவில் இரண்டாம் நாள் குழந்தை சாப்பிடவில்லை, ஒரே அழுகை. அம்மா மட்டும் மேலே போய்த் தரிசித்துவிட்டு வந்தார். அப்பாவும் பிள்ளையும் ஆப்பிள் தோட்டத்து ஓரமாகவே பகலைக் கழித்தார்கள். ஊர் திரும்பியதும் பாட்டி பாட்டிலோடு என்னிடம் வந்தார். "திவ்ய தேசத்துத் தீர்த்தம் டாக்டர், பேரனுக்குக் கொடுக்கலாமா?"

"தலையில் தெளியுங்கம்மா, வாயில் வேண்டாம்."