புது கேம் ஷாஃப்ட்டைத் தின்பது முதல் 20 நிமிடம்

ஃபுல் இன்ஜின் வேலை முடிந்து போன வண்டி, சில நூறு கிலோமீட்டரில் டேப்பெட் சத்தத்தோடு திரும்பி வரும். வால்வ் கவரைக் கழற்றி, இடைவெளியைச் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரமும் அதே வால்வில் அதே சத்தம். மூன்றாவது முறை பார்த்தால் ராக்கர் ஸ்க்ரூ இறங்க வேண்டிய அளவுக்குமேல் இறங்கியிருக்கும். உள்ளே, வால்வைத் திறக்கவைக்கும் கேம் லோபின் (கேம் ஷாஃப்ட்டிலுள்ள புடைப்பு) மூக்கு மழுங்கி, அதன் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் டேப்பெட்டின் அடி குழிந்து போயிருக்கும். பழி உடனே 'டூப்ளிகேட் கேம்' மேல் விழும். டூப்ளிகேட் சரக்கு சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் நல்ல கேமும் இதே வழியில்தான் சாகிறது. மாட்டும்போது எதை எங்கே தடவினார்கள், முதல் ஸ்டார்ட்டில் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும்.

இங்கே பேசுவது பிளாக்குக்குள் கேம் படுத்திருக்கும், தட்டையான அடியுள்ள டேப்பெட் கொண்ட புஷ் ராட் இன்ஜின்களைப் பற்றி. டேப்பெட்டின் அசைவை மேலே வால்வை அழுத்தும் ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பிதான் புஷ் ராட். நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இங்கிலாந்தின் பிஎம்சி நிறுவனத்து 'பி சீரிஸ்' குடும்பம் அது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், பழைய வண்டியை அழகாக மீட்டெடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய ஜீப், டிராக்டர் இன்ஜின்கள் பலவற்றுக்கும் இதே முறைதான். ரோலர் டேப்பெட் உள்ள இன்ஜினுக்கு இந்தத் தலைவலி இல்லை.

டேப்பெட் சுற்ற வேண்டும்

டேப்பெட் மேலும் கீழும் போய்வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தன் துளைக்குள் அது மெல்லச் சுற்றவும் வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அதன் அடிப்பகுதி பார்வைக்குத் தட்டையாக இருந்தாலும் மிகச் சிறிய அளவில் குவிந்திருக்கும். லோபின் முகமும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒன்றிரண்டு தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சரிவாக இருக்கும். அதனால் லோப் டேப்பெட்டின் நட்ட நடுவில் தொடாமல் சற்றே தள்ளித் தொட்டு, ஒவ்வொரு முறையும் அதைக் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. சுற்றும்வரை தேய்மானம் அடி முழுவதும் பரவும். சுற்று நின்றால் ஒரே கோட்டில் உரசல் விழுந்து, மேல்பூச்சு போய், கடினத் தோல் கிழிந்து, லோபே உருண்டையாகிவிடும்.

புது கேமுக்குப் பழைய டேப்பெட் ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான். பழைய டேப்பெட்டின் அடி, பழைய லோபுக்கு ஏற்றபடி தேய்ந்து, குவிவை இழந்திருக்கும். இரண்டு டேப்பெட்டை அடியோடு அடி சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்லதென்றால் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம் தெரியும், லேசாக ஆடும். ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாலோ, நடுவில் வெளிச்சம் தெரிந்தாலோ அது வேலைக்காகாது. பழைய கேமையே திரும்பப் போடுவதாக இருந்தால், எந்த டேப்பெட் எந்த லோபில் ஓடியதோ அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். கழற்றும்போதே முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக வைத்தால் குழப்பம் வராது. எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டால், கேமும் டேப்பெட்டும் புதிதாக வாங்கத்தான் வேண்டும்.

லேத்தில் கொடுத்து கேமை 'கிரைண்ட்' செய்து வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். வார்ப்பிரும்புக் கேமின் கடினத் தோல் ஓரளவு ஆழம்தான். அதைத் தாண்டி அறுத்துவிட்டால் உள்ளே மெத்தென்ற உலோகம். லோபின் சரிவை மறந்து நேராக அறுத்துவிட்டால் டேப்பெட் சுற்றாது. வெல்டிங் வைத்து ஏற்றி அறுத்த கேமை வாங்குவதைவிட, தேய்மானம் சமமாக உள்ள பழைய கேமை அதன் சொந்த டேப்பெட்டுகளோடு ஓட்டுவதே மேல்.

மாட்டுவதற்கு முன்

புது கேம் கரும்பூச்சோடு வந்தால் அதை எமரி போட்டுப் பளபளப்பாக்க வேண்டாம். அந்தப் பாஸ்பேட் பூச்சு எண்ணெயைப் பிடித்துவைக்கத்தான் இருக்கிறது. துரு வராமலிருக்கப் பூசிய பிசுபிசுப்பை மட்டும் கழுவி எடுங்கள். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூல் பிசிறு எண்ணெய்த் துளையில் மாட்டிக்கொள்ளும். நூல் விடாத சுத்தமான துணியும் காற்றும் போதும்.

பழைய கேமென்றால் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு லோபின் மூக்கிலிருந்து முதுகுவரை அளந்து, குறுக்களவைக் கழியுங்கள். வருவது தூக்கு அளவு. உள்வரும் வால்வுக்கான நான்கையும் தங்களுக்குள், வெளியேறும் வால்வுக்கான நான்கையும் தங்களுக்குள் ஒப்பிடுங்கள். 0.002 இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்படுங்கள்; 0.005 இன்ச் தாண்டினால் அந்தக் கேமை விட்டுவிடுங்கள். வி-பிளாக்கில் வைத்து நடு ஜர்னலில் (ஷாஃப்ட் தாங்கலில் சுழலும் உருண்டைப் பகுதி) டயல் கேஜ் போட்டு வளைவையும் பார்த்துவிட வேண்டும்.

அம்பாசடர் இன்ஜினில் கேம் மூன்று ஜர்னலில் நிற்கிறது. முன்புறம் பெரிது, பின்னால் போகப்போகச் சிறிது. ஜர்னலைத் தாங்கும் வளையங்களான புஷ்கள் வெள்ளை உலோகப் பூச்சு கொண்டவை. ஜர்னலுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.001 முதல் 0.002 இன்ச் இடைவெளி போதும். புது புஷ் அடித்தால் அதன் எண்ணெய்த் துளை பிளாக்கின் துளையோடு நேராக நிற்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். பாதி மூடியிருந்தாலும் அந்த ஜர்னல் காயும். பல இன்ஜின்களில் ராக்கருக்குப் போகும் எண்ணெயும் ஒரு கேம் ஜர்னல் வழியாகத்தான் ஏறுகிறது. கீழே புஷ் திரும்பியிருந்தால் மேலே ராக்கர் ஷாஃப்ட் வறண்டு நிற்கும். அதற்குக் காரணம் தெரியாமல் ராக்கர் ஷாஃப்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எங்கே எது

பிழை அதிகம் நடப்பது இங்கேதான். லோபுக்கும் டேப்பெட்டின் அடிக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கருநிற கேம் பேஸ்ட். லோப் முழுவதும், மூக்கு முதுகு இரண்டிலும், விரலால் தேய்த்து அழுத்தமாகப் பூசுங்கள், உலோகம் தெரியக்கூடாது. ஜர்னலுக்கும் புஷ்ஷுக்கும் இன்ஜின் ஆயில் அல்லது கெட்டியான அசெம்பிளி ஆயில். டேப்பெட்டின் பக்கவாட்டுக்கும் துளைக்கும் வெறும் இன்ஜின் ஆயில், அதுவும் மெல்லிய படலம். 'எல்லாவற்றுக்கும் தடவினால் நல்லதுதானே' என்று பேஸ்ட்டைப் பக்கவாட்டிலும் அப்பினால், டேப்பெட் துளைக்குள் பிசினில் மாட்டியதுபோல நிற்கும். சுற்றாது. பாதுகாப்புக்குத் தடவியதே லோபைக் கொன்றுவிடும். எண்ணெய் தொட்ட டேப்பெட் தன் எடையிலேயே துளைக்குள் இறங்க வேண்டும், விரல் நுனியால் திருப்பினால் தடையின்றித் திரும்ப வேண்டும். இறங்காவிட்டால் துளையில் கசடோ பிசிறோ இருக்கிறது. சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது.

வீல் பேரிங் கிரீஸ் கூடவே கூடாது. அது எண்ணெயில் எளிதில் கரைவதில்லை; துளையை அடைக்கும், ஃபில்டரை அடைக்கும்.

கேமை உள்ளே விடும்போது பிளாக்கை ஸ்டாண்டில் நிமிர்த்தி, முன்முகம் மேலே வரும்படி வைத்துக்கொண்டால் எடை தானாக நேராக இறங்கும். படுக்கையாகத்தான் வேலை என்றால் முன்முனையில் நீண்ட போல்ட்டைத் திருகிக் கைப்பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். மெல்லத் திருப்பியபடியே தள்ள வேண்டும். லோபின் ஓரம் கூர்மையானது. ஒரு இடி இடித்தால் வெள்ளை உலோகத்தில் கோடு விழும். உள்ளே போனபின் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் கேம் வளைந்திருக்கிறது. சுற்று முழுவதும் இறுக்கமாக இருந்தால் புஷ்.

முன்பக்கத் தடுப்புத் தகட்டின் வெள்ளை உலோக முகம் உள்ளே ஜர்னலைப் பார்த்திருக்க வேண்டும். கியரை இறுக்கியபின் முன்பின் ஆட்டம் 0.003 முதல் 0.007 இன்ச்சுக்குள் வர வேண்டும். கூடினால் தகட்டை மாற்றுங்கள். டைமிங் கியர்கள் இரண்டின் புள்ளிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலர் விட்டுவிடுவது, நேர்கட்டை வைத்து இரண்டு கியரும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பதை. கிராங்க் கியருக்குப் பின்னாலுள்ள ஷிம்மை (மெல்லிய தகட்டு வளையம்) கூட்டியோ குறைத்தோ சரிசெய்யாவிட்டால் செயின் சாய்ந்து ஓடிச் சீக்கிரம் தேயும்.

இந்த இன்ஜினில் டேப்பெட்டைப் பக்கவாட்டுக் கவர் வழியாகக் கேம் போட்டபின்பும் விடலாம். காளான் குடைபோல அடி அகன்ற டேப்பெட் உள்ள இன்ஜின்களில் அது நடக்காது. பிளாக்கைக் கவிழ்த்து, டேப்பெட்டைக் கீழிருந்து போட்டபின்தான் கேம்.

எண்ணெயை முன்கூட்டியே ஏற்றுதல்

அமெரிக்க செவ்ரோலெட் வி8 போன்ற இன்ஜின்களில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்ப்பை மட்டும் தனியாகச் சுற்றிவிடலாம். அம்பாசடரில் பம்ப்பைச் சுற்றுவது கேமிலுள்ள கியர். கேம் சுற்றாமல் பம்ப் சுற்றாது. செல்ஃப் மோட்டாரில் நிமிடக்கணக்கில் சுற்றி எண்ணெய் ஏற்றலாம் என்று நினைத்தால், எண்ணெய் வந்து சேர்வதற்குள் லோபில் பூசிய பேஸ்ட் வழிந்துபோகும். பம்ப்பை மாட்டும்போதே அதன் உள்ளே எண்ணெய் நிரப்புங்கள். ஃபில்டரையும் நிரப்புங்கள். பின்பு ஆயில் பிரஷர் கேஜ் இணையும் துளையில் குழாய் பொருத்தி, கையால் அழுத்தம் ஏற்றும் சுத்தமான ஸ்பிரேயர் கேன் வழியாக எண்ணெயைத் தள்ளினால் போதும். ராக்கரில் எண்ணெய் கசியும்வரை, இடையிடையே கிராங்க்கைக் கையால் கால் சுற்று திருப்பிக்கொள்ளலாம். கடைசியில் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் செல்ஃப் அடித்து, பிரஷர் ஏறுகிறதா என்று பார்த்தால் சரி. இன்ஜினைக் கட்டி வாரக்கணக்கில் வைத்துவிட்டு ஓட்டுவதாக இருந்தால், ஓட்டும் அன்று இதை மறுபடி செய்யுங்கள்.

எந்த எண்ணெய்? லோபைக் காப்பது எண்ணெயிலுள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், அதாவது இசட்டிடிபி. சூட்டிலும் அழுத்தத்திலும் அது உலோகத்தின் மேல் மெல்லிய காப்புப் படலமாக மாறும். கேடலிடிக் கன்வர்ட்டர் கெடாமலிருக்கப் புதிய பெட்ரோல் இன்ஜின் எண்ணெய்களில் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்க ஏபிஐ அமைப்பின் எஸ்என் தரத்தில் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கிரேடுகளுக்கு 0.08 சதவீதம்தான் உச்சம். 20டபிள்யூ-50க்கு அந்த உச்சவரம்பு கிடையாது. ஆனால் எல்லா நிறுவனமும் ஒரே அளவு போடுவதில்லை, தயாரிப்பாளரின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள். முதல் ஊற்றுக்கு 0.10 முதல் 0.14 சதவீதம்வரை உள்ளது பொருத்தம். 20டபிள்யூ-50 கிடைக்காவிட்டால் சிஐ-4 தரத்து 15டபிள்யூ-40 டீசல் ஆயில் ஓட்டத் தொடக்கத்துக்கு நன்றாகவே உதவும். இதற்குமேல் 'துத்தநாக டானிக்' பாட்டிலையும் சேர்த்து ஊற்றுவதால் லாபமில்லை. அளவு மிஞ்சினாலும் கெடுதல்தான்.

முதல் ஸ்டார்ட்

வேலை முடிந்த இன்ஜினை ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிட்டு 'செட் ஆக்கும்' வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தட்டை டேப்பெட் கேமுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. ஜர்னலுக்கு எண்ணெய் பம்ப் அழுத்தத்தில் வருகிறது. லோபுக்கு அப்படி இல்லை. கிராங்க்கும் கனெக்டிங் ராடும் சிதறடிக்கும் எண்ணெய், மேலிருந்து வழிந்து இறங்கும் எண்ணெய், இவைதான் லோபுக்குக் கதி. ஐடிலில் சிதறல் குறைவு. போதாததற்கு, வேகம் ஏறும்போது டேப்பெட், புஷ் ராடின் நிலைமம் மூக்கின் மேலுள்ள ஸ்பிரிங் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஐடிலில் அந்தத் தளர்வும் கிடைக்காது. பிஸ்டன் ரிங்குக்கும் நீண்ட ஐடில் நல்லதல்ல. சிலிண்டர் சுவர் கண்ணாடிபோலாகி எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்.

ஆகவே ஸ்டார்ட் ஆனதும் நேராக 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றுங்கள். 2000-க்கும் 2500-க்கும் இடையே மெல்ல ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். அதற்கு முதல் சாவியிலேயே வண்டி எழ வேண்டும். இக்னிஷன் டைமிங்கை முன்பே நிறுத்திய நிலையில் வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி, பேட்டரியை முழுச்சார்ஜில் வைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய மின்விசிறியும் வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொடுங்கள். நடுவில் தண்ணீர் ஒழுகினாலோ பிரஷர் விழுந்தாலோ ஐடிலுக்கு இறக்கிப் பார்க்காதீர்கள், அணைத்துவிடுங்கள். சரிசெய்து, மீதி நிமிடங்களை மறுபடி அதே வேகத்தில் முடியுங்கள். இரட்டை ஸ்பிரிங் போட்ட ஹெட் என்றால் இந்த ஓட்டத்துக்கு மட்டும் உள்ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது லோபுக்குப் பெரிய உதவி.

ஓடும்போது வால்வ் கவரைத் திறந்து புஷ் ராடுகளைப் பாருங்கள். மார்க்கரில் முன்பே ஒரு கோடு போட்டிருந்தால் சுற்றுவது தெளிவாகத் தெரியும். எட்டில் ஒன்று அசையாமல் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். 'ஓட ஓடச் சரியாகும்' என்று விட்டால் கேம் மட்டுமல்ல, உதிரும் இரும்புத்தூள் ஆயில் பம்ப்பையும் மெயின் பேரிங்கையும் சேர்த்து வாங்கும். கார்புரேட்டர் பக்கம் பட்பட்டென்று தும்மினால் வெளியேறும் வால்வின் லோபைச் சந்தேகப்படுங்கள். எரிந்த வாயு வெளியே போக வழியின்றி உள்வரும் வால்வ் வழியாகத் திரும்புகிறது.

ஓட்டம் முடிந்ததும் எண்ணெய் சூடாக இருக்கும்போதே இறக்கி, ஃபில்டரை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். பேஸ்ட்டின் சாம்பல் கறை சகஜம். காந்தத்தில் ஒட்டும் ஊசித் துகள் சகஜமல்ல. டேப்பெட் இடைவெளியை 0.015 இன்ச்சில் வையுங்கள். இந்த எட்டு வால்வு இன்ஜினில் கணக்கு 9: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை, ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதைச் சரிசெய்ய வேண்டும். 500 கிலோமீட்டரில் ஹெட் போல்ட்டும் இடைவெளியும் மறுபடி பார்க்கும்போது எட்டு அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த 500-இல் ஒரே வால்வில் மட்டும் இடைவெளி கூடியிருந்தால் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். பக்கவாட்டுக் கவரைத் திறந்து அந்த டேப்பெட்டை வெளியே எடுத்து அடியைப் பாருங்கள்.