வில்லன்: கூடைப்பந்துக் களத்தில் ஒரு வேடம்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவில் ஓர் ஆட்டக்காரரை ‘வில்லன்’ என்றால், அவர் கெட்டவர் என்று பொருளில்லை. வெளியூர் அரங்கில் அவர் கைக்குப் பந்து வந்ததும் ஏளனக் கூச்சல் எழ வேண்டும். அதை அவர் ரசிக்கவும் வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் அவர் ரசிகர்களுக்குப் பிடிக்காத ஆட்டக்காரர், அவ்வளவுதான்.

லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு. பண்ணையாள் ‘வில்லானுஸ்’. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போன சொல், அங்கே நிலத்தோடு கட்டுண்ட குடியானவனைக் குறித்தது. மேட்டுக்குடியினர் வாயில் அது ‘நயமற்றவன்’ ஆகி, பிறகு ‘அயோக்கியன்’ ஆயிற்று. நாம் மட்டும் என்ன, ‘பட்டிக்காட்டான்’ என்பதை வசையாக்கி, நகரத்திலிருந்து நாகரிகத்தைச் செய்துகொண்டவர்கள்தானே! நாயகனுக்குக் குழிபறிக்கும் கதாபாத்திரம் என்ற பொருள் பின்னால் வந்தது. தமிழ் வில்லுக்கும் வில்லங்கத்துக்கும் இதோடு உறவு ஏதுமில்லை.

விளையாட்டில் இந்தப் பொருளுக்கு நெருங்கிய உறவு, காட்சி மல்யுத்தத்தின் ‘ஹீல்’. கூட்டத்தின் கோபத்தைக் கிளறுவதற்கென்றே மேடையேறுபவர் அவர். ஆனால் அங்கே முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது. கூடைப்பந்தில் வேடம் மட்டுமே உண்டு, எழுதிவைத்த முடிவு கிடையாது.

2021 மே மாதம், நியூயார்க் நிக்ஸ் அணியின் சொந்த அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டன். இரு அணிகள் மோதும் வெளியேற்றுச் சுற்றுத் தொடர், நான்கு ஆட்டம் வெல்பவருக்கு வெற்றி. அட்லாண்டா ஹாக்ஸின் டிரே யங்கைப் பார்த்து அரங்கமே வசைபாடிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டம் முடிய 0.9 விநாடி இருக்கையில் வெற்றிப் புள்ளிகளைப் போட்டார். உதட்டில் விரல் வைத்து ‘உஷ்’ என்றார். ஐந்தாவது ஆட்டத்தில் தொலைவிலிருந்து ஒரு மூன்று புள்ளி எறிந்துவிட்டு, களத்தின் நடுவில் நின்று, நாடகம் முடிந்த நடிகரைப்போல் குனிந்து வணங்கினார். தொடர் 4-1 என்று அட்லாண்டாவுக்குப் போனது. இடையில் ஒரு பார்வையாளர் அவர்மீது துப்பியதும் நடந்தது. அதை வேடத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. அதே அரங்கில் 1995இல் 8.9 விநாடியில் 8 புள்ளி எடுத்து நியூயார்க்கை உறையவைத்த இந்தியானா அணியின் ரெஜி மில்லர்தான் இந்த மரபின் மூத்தவர்.

வேடம் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. 2023இல் அதேபோன்றதொரு தொடரில் மெம்பிஸ் அணியின் டில்லன் புரூக்ஸ், எதிரணியான லேக்கர்ஸின் மூத்த நட்சத்திரம் லீப்ரான் ஜேம்ஸைக் கிழவர் என்று சீண்டினார். தன்னை எதிர்த்து 40 புள்ளி எடுக்கும்வரை யாரையும் மதிக்கமாட்டேன் என்றார். மெம்பிஸ் 4-2 என்று தோற்றது, கடைசி ஆட்டத்தில் 40 புள்ளி வித்தியாசம். ஆனால் அதே ஆண்டு மணிலாவில், உலகக் கோப்பையின் வெண்கல ஆட்டத்தில், கனடாக்காரரான இதே புரூக்ஸ் அமெரிக்காவுக்கு எதிராக 39 புள்ளி எடுத்துக் கனடாவை வெல்லவைத்தார். அவருடைய பட்டப்பெயரே ‘டில்லன் த வில்லன்’. தமிழில் எதுகை தானாக வந்து விழுகிறது. மொழிபெயர்த்தால் அது போய்விடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கயவன்’ கூடாது, கயமை குணக்கேடு, வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கி ஏசிய குணம். ‘எதிர்நாயகன்’ ஓரளவு சரி. ஆனால் குறைகள் நிறைந்த கதாநாயகனையும் அப்படித்தான் சொல்கிறோம், குழப்பம். பழைய நாடக மேடையில் ராஜபார்ட்டுக்கு எதிரே ‘கள்ளபார்ட்’ என்று ஒரு வேடம் இருந்தது. அழகான சொல், இன்று எத்தனை பேருக்குப் புரியும்? என் தேர்வு ‘வில்லன்’தான். மேடையும் திரையும் நமக்குக் கொடுத்த சொல் என்பதால் தமிழில் அது ஆளைவிட வேடத்தையே முதலில் நினைவூட்டுகிறது. நம்பியாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வினையில்தான் கவனம் தேவை. 2010இல் கிளீவ்லாந்து அணியை விட்டு மியாமி அணிக்குப் போன லீப்ரானை ரசிகர்கள் வில்லனாக்கினார்கள். அவரும் ஒரு பருவம் அப்படியே ஆடிப்பார்த்து, அது தன் இயல்பல்ல என்று பின்னர் ஒப்புக்கொண்டார். எனவே அவருக்கு ‘வில்லனாக்கப்பட்டார்’ என்றும், யங்குக்கு ‘வில்லன் வேடம் கட்டினார்’ என்றும் எழுதலாம்.