கேர்கிவர்: பக்கத்தில் இருப்பவருக்கு என்ன பெயர்?

நோயாளியைப் பார்த்துக்கொள்பவரைக் குறிக்கும் 'கேர்கிவர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் 'பராமரிப்பாளர்' என்று எழுதுகிறோம். ஆனால் நோய் முற்றிப் படுத்திருக்கும் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கும் மகளிடம் "நீங்கள் பராமரிப்பாளரா?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் அவங்க பொண்ணு, நான்தான் பாத்துக்கறேன்" என்பார். தன்னை அந்தப் பெயரால் நினைக்காதவர் இணையத்தில் அந்தப் பெயரைத் தேடவும் மாட்டார். 'பராமரிப்பாளர் கையேடு' என்ற பக்கம் அவருக்காகவே எழுதப்பட்டிருந்தாலும் அவர் கண்ணில் படாது.

ஆங்கிலச் சொல்லில் உள்ள 'கேர்', பழைய ஆங்கிலத்தில் துயரத்தையும் கவலையையும் குறித்தது. கவனித்துக்கொள்வது என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. நம் 'பராமரிப்பு' வடமொழிவழி வந்தது. 'பராமர்சம்' என்றால் ஆராய்ந்து பார்த்தல். இன்று சாலைக்கும் மின்தூக்கிக்கும்கூடப் பராமரிப்பு என்கிறோம். அம்மாவுக்கு அதைச் சொல்ல மனம் கூசுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கு மிகப் பழைய தமிழ்ச் சொல் ஒன்று இருக்கிறது. குறளின் மருந்து அதிகாரம் 950ஆம் பாட்டில், மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்கிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக நிற்பவர்தான் நாம் தேடும் ஆள். 'உழை' என்றதும் உழைப்பு நினைவுக்கு வரும். இங்கே அதற்குப் பக்கம், அருகு என்று பொருள். அரசன் அருகே இருக்கும் அமைச்சரையும் குறள் 'உழையிருந்தான்' என்கிறது (638). கேட்பவன் தள்ளினாலும் நன்மையானதை எடுத்துச் சொல்வது அவர் கடமை.

உழைச்செல்வானுக்கு வேண்டியவற்றைக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அடுக்குகிறார். நோயாளிமேல் அன்பு, அறிவு ஆகியவற்றோடு, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் திறனும் அதில் உண்டு. சொன்னபடி செய்ய, முதலில் யாராவது புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் அறையில் பத்து நிமிடத்தில் கேட்டது வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும். மறந்ததைத்தான் இரவு 2 மணிக்குக் கைப்பேசியில் தேடுகிறார்கள்.

அப்போது தட்டச்சு செய்வது 'அப்பா சாப்பிட மாட்டேங்கிறார்', 'மூச்சு விடும்போது கரகர சத்தம்', 'மார்ஃபின் கொடுத்தா அடிமை ஆயிடுவாங்களா' போன்றவை. பதில்களும் அதே மொழியில் கிடைக்க வேண்டும். கடைசி நாட்களில் பசி அடங்குவது நோயின் போக்கு, ஊட்டியவர் குறையில்லை. கட்டாயப்படுத்தி ஊட்டினால் புரையேறலாம், உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்தாலே இதமாக இருக்கும். இறுதி நேரத்தில் வரும் கரகரப்பு, விழுங்க முடியாமல் தொண்டையில் தேங்கும் சளியின் ஓசை. கேட்பவரைப் பதறவைக்கும் அளவுக்கு நோயாளியை அது பெரும்பாலும் வருத்துவதில்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையக்கூடும். வலிக்காக மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபினைக் கண்டு பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். இவை தெரியாமல் எத்தனை பேர் தம்மையே குற்றவாளியாக்கி அழுகிறார்கள்!

அந்தத் தேடலில் 'பாலியேட்டிவ்' என்ற சொல்லும் எதிர்ப்படும். லத்தீனில் 'பாலியம்' என்றால் மேலாடை. நோயைப் போக்க முடியாதபோது வேதனையைத் தணிக்கும் மருத்துவத்துக்கு இந்தப் பெயர், வேதனையின்மேல் போர்த்துவது போல. தமிழில் 'நோய்த்தணிப்பு' நன்றாகப் பொருந்துகிறது.

சரி, எந்தச் சொல்லை எழுதலாம்? படிவங்களில் 'பராமரிப்பாளர்' இருக்கட்டும். பேச்சில் 'உடனிருப்பவர்' என்பது உழைச்செல்வானுக்கு மிக அருகில் வருகிறது. இணையப் பக்கத்துக்குத் தலைப்பு வைப்பவர்கள் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு, 'வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறீர்களா?' என்று கேட்டுத் தொடங்கலாம். அந்த மகள் தேடும்போது தட்டுவது அந்தச் சொற்களைத்தான்.