பிரேக் மங்குமா?

"பிரேக் மங்கத் தொடங்கினால் உடனே பிட்டுக்குத் திரும்பவும்." சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்தில், சொந்த வண்டியை வேகமாக ஓட்டிப் பார்க்கவிடும் ஒரு டிராக் டே அன்று காலையில் கையில் கொடுத்த தாளில் இப்படி அச்சடித்திருந்தது. (பிட் என்பது ஓடுதளத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்.) முதல்முறை வந்திருந்த ஒரு பையன் அதைப் படித்துவிட்டு என்னிடம், "அண்ணா, பிரேக் லைட்டைச் சொல்றாங்களா?" என்றான். தப்பு அவன்மேல் இல்லை. தமிழ் தெரிந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள், ஏனென்றால் மங்குவது விளக்கு.

தாளை எழுதியவர் சொல்ல வந்தது 'பிரேக் ஃபேட்' (brake fade), அதாவது சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போவது. இந்த 'மங்கலை' நான் பார்ப்பது இது முதல்முறையும் அல்ல. வீடியோக்களின் தமிழ் எழுத்துவரிகளில் பார்த்திருக்கிறேன், ஒரு கலைச்சொல் பட்டியலில் 'தடை மங்கல்' என்று இன்னும் கம்பீரமாகப் பார்த்திருக்கிறேன். போதும், எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடுவோம். 1,200 கிலோ வண்டி 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கும்போது ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றல் போயாக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது, மூன்று நான்கு நொடியில் பெரும்பாலும் முன்சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டிலும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடிலும் இறங்குகிறது. ஊருக்குள் ஓட்டும்போது அடுத்த சிக்னலுக்குள் ஆறிவிடும். ஓடுதளத்தில் ஆறுவதற்கு முன்னால் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. சாதாரண பேட் ஓர் அளவுக்குமேல் சூடானால் அதிலுள்ள பிசின் வெந்து வாயு கிளம்பும், உராய்வு விழும், பிரேக் மிதி கல் மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. என் பழைய ஸ்விஃப்டில் நாலாவது சுற்றில் அது வந்தது. கருகிய வாடை, கெட்டியான மிதி, வழக்கமாகத் திரும்பும் இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும் வண்டி. மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தேன். மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "பிடி விட்டுடுச்சு தம்பி. ஆறட்டும், தானா வரும். ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டுடாதீங்க." அரை மணியில் தானாக வந்தது.

இப்போது சொல்லின் கதை. ஆங்கில 'பிரேக்', ஆளிச் செடியின் தண்டை நொறுக்கி நார் எடுக்கும் ஒரு கருவியின் பழைய டச்சுப் பெயரோடு உறவுடையது. சக்கரத்தைக் கட்டுப்படுத்தும் பொருள் பிற்பாடு வந்தது. 'ஃபேட்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, வெளிறிய, வலுவில்லாத, சுவையற்ற என்றெல்லாம் பொருள். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் உப்புச்சப்பில்லாத சாப்பாட்டை அந்தச் சொல்லால்தான் குறை சொல்கிறார்கள். ஆக, நிறத்துக்கும் ஒளிக்கும் மட்டுமே உரிய சொல் அல்ல அது, வலு குன்றுவதும் அதற்குள் பழையபடி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொண்டு மூடிவிட்டார், அவ்வளவுதான்.

'மங்கல்' ஏன் ஆகாது? தமிழில் மங்குவது பெரும்பாலும் கண்ணோடு சம்பந்தப்பட்டது: விளக்கு மங்கும், நிறம் மங்கும், பார்வை மங்கும். புகழ் மங்கும் என்கிறோமே என்றால், புகழை ஒளியாகப் பார்த்த பிறகுதான் அதை மங்கவைக்கிறோம். பிரேக்கோ காலுக்குத் தெரிகிற சமாசாரம். ஆங்கிலத்தில் துணி, பூ, குரல், நினைவு, பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஃபேட்' போதும். நமக்குத் துணியில் சாயம் போகும், பூ வாடும், குரல் தேயும், நினைவு மறையும். இத்தனையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிற மொழியில் பிரேக்குக்கு மட்டும் விளக்கின் வினையை இரவல் வாங்குவானேன்?

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக வரும்: "சொல் பழகினால் சரியாகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது என்ற சாயல் மங்கலில் இருக்கிறதே." கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது சரிதான். ஆனால் பழகுவதற்கு முன்னால் ஒருவன் மணிக்கு 150இல் வளைவுக்குள் போய்க்கொண்டிருப்பான் என்பதையும் யோசிக்க வேண்டும். எச்சரிக்கைத் தாளில் இருக்கும் சொல் முதல் வாசிப்பிலேயே புரிந்தாக வேண்டும். கவிதையில் பிரேக் மங்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொரு போட்டிச் சொல் 'பிரேக் செயலிழப்பு'. இது மங்கலைவிட ஆபத்து, ஏனென்றால் கேட்க நன்றாகப் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. பைப் வெடித்து ஆயில் முழுக்க ஒழுகிப் போனால் அது செயலிழப்பு, ஆறவைத்தால் திரும்பி வராது. ஃபேட் ஆறினால் திரும்பும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்குகிறது. அந்த மாதிரிப் பாதைகளில் விபத்து நடந்தால் 'பிரேக் செயலிழந்தது' என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடும். படிப்பவர் வண்டியில் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார். இரண்டாவது கியரில் இறங்காமல் நியூட்ரலில் விட்டு, காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்ததால் சூடேறிப் பிடிக்காமல் போனதாகவும் இருக்கலாம். உடைந்ததா சூடேறியதா என்ற வித்தியாசத்தை அந்தச் சொல் தின்றுவிடுகிறது.

மூன்றாவது, தனித்தமிழ் நண்பர்களின் 'பற்றிழப்பு'. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஓடுதளத்தில் டயரும் பற்றை இழக்கும், அது வேறு பிரச்சினை, அதற்குக் கால் செய்ய வேண்டிய வேலையும் வேறு. 'பிரேக் சோர்வு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். உலோகம் திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் விடுவதற்கு அந்தச் சோர்வைக் கொடுத்தாயிற்று, பாவம், அதையும் எத்தனை வேலைக்குத்தான் அனுப்புவது.

நம் வாயிலேயே சொல் இருக்கிறது. பிரேக் போட்டான், பிரேக் அடித்தான் என்பதெல்லாம் ஓட்டுபவர் செய்வது. பிரேக் தன் வேலையைச் செய்கிறதா என்று கேட்கும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பிடிக்குது, பிடிக்கலை. சைக்கிள் கட்டையிலிருந்து லாரிவரை இதுதான். பிடி இருக்கும்போது அது குறைவதற்கும் சொல் இருக்கிறது: தளர்தல். கை தளரும், பிடி தளரும், தளர்ந்த பிடி மறுபடி இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் திரும்பி வர வாய்ப்பிருப்பதும் இரண்டுமே அதற்குள் இருக்கின்றன. 'பிடிதளர்ச்சி' என்பது என் பரிந்துரை. சூட்டை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'சூட்டுப் பிடிதளர்ச்சி'. டயரோடு குழம்பாதா என்றால், டயருக்கு நாம் சொல்வது பிடிமானம், இல்லாவிட்டால் கிரிப். யாரும் 'டயர் பிடிக்கலை' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பிரேக்கையும் தமிழாக்கலாமே என்பார்கள். தடை என்றால் சாலையில் வேகத்தடை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தி என்றால், ஓடுதளத்தில் யார் நிறுத்தப் பிரேக் போடுகிறார்கள்? வேகத்தைக் கழிக்கத்தான் போடுகிறார்கள். பிரேக் பிரேக்காகவே இருக்கட்டும்.

இதில் ஒரு சிக்கலை நானே ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ஃபேட் என்ற பெயரில் மூன்று வேறு விஷயங்கள் கிடக்கின்றன. பேட் சூடேறுவது ஒன்று. டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மே சூட்டில் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகுவது இன்னொன்று. 1953இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்தபோது எல்லோரும் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். மூன்றாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. இதில் மிதி கெட்டியாக இருக்காது, ஆவிக்குமிழி நசுங்கிக்கொடுக்க, கால் தரைவரை போய்விடும். பேடில் பிடி இருக்கும், அழுத்தம்தான் போய்ச் சேராது. இதைப் பிடிதளர்ச்சி என்று சொன்னால் நானும் மங்கல் கட்சிக்காரன் ஆகிவிடுவேன். மெக்கானிக்குகள் 'பெடல் இறங்குது' என்கிறார்கள், 'மிதியிறக்கம்' என்று வைத்துக்கொள்ளலாம். பிரித்துச் சொல்வதில் லாபம் உண்டு. பிடிதளர்ச்சி அடிக்கடி வந்தால் சூடு தாங்கும் பேடை மாட்ட வேண்டும், மிதியிறக்கம் என்றால் ஆயிலை மாற்ற வேண்டும். அடிக்கடி ஓடுதளத்துக்குப் போகிறவர்கள் இரண்டையும் மாற்றிவிடுகிறார்கள், பெரிய டிஸ்க்குக்குச் செலவழிப்பது அதற்குப் பிறகுதான்.

ஆயில் என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல். பட்டறையில் 'பிரேக் ஆயில்' என்பது வெறும் பெயர், குப்பியைப் பார்த்துத்தான் ஊற்றுவார்கள், கெடுதல் இல்லை. அதை 'பிரேக் எண்ணெய்' என்று மொழிபெயர்க்கும்போதுதான் வினை. உள்ளே இருப்பது எண்ணெயே அல்ல, பெரும்பாலும் கிளைக்கால் (glycol) வகை வேதித் திரவம். யாராவது எண்ணெய்தானே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினால் சிலிண்டரில் இருக்கும் ரப்பர் வாஷர் ஊதிப்போகும். அந்தத் திரவம் உப்பு மாதிரி காற்றிலிருந்து ஈரம் வாங்கும். டாட் 4 (DOT 4) என்ற பிரேக் திரவத் தரத்துக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்பது விதி. 75 டிகிரி கைவிட்டுப்போகிறது. சென்னைக் காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயிலோடு ஓடுதளத்துக்குப் போகிறவரை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கும். எழுத்தில் 'பிரேக் திரவம்' என்று போட்டுவிடுங்கள்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும் 'பிரேக் ப்ளீடிங்' (bleeding) இரத்தக்கசிவானதைப் பார்த்துச் சிரித்தாயிற்று, ஏர் எடுப்பது என்று எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். எனக்குப் பிடித்தது 'பெடிங்' (bedding) என்பதற்கு வந்த 'பிரேக் படுக்கை'. புதுப் பேடை மிதமான வேகத்தில் பலமுறை அழுத்தி, ஆறவைத்து, அதன் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியச் செய்வதுதான் அது. புதுத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிச் சூடேற்றுவதை நம் வீட்டில் என்ன சொல்கிறோம்? பழக்குவது. 'பேடைப் பழக்கிட்டீங்களா?' என்று கேட்டால் எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

அந்தத் தாளில் 'மங்க' என்பதை அடித்துவிட்டு 'பிடி தளர' என்று பேனாவால் எழுதிப் பையனிடம் கொடுத்தேன். படித்தான், சரி என்றான். மதியம் மூன்றாவது செஷனில் பிட்டுக்குள் நுழைந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கத்தினான்: "அண்ணா, தளரலை, இறங்குது!"